பருந்தின் அடியில் ஒரு பலகை

ஒரு மனிதன் தன் முட்டாள்தனத்தை ஊரறிய எழுதி வைக்க எவ்வளவு தங்க நிறப் பெயிண்ட் வேண்டும் என்று யாராவது கேட்டால், கால் டப்பா போதும் என்று அனுபவத்தில் சொல்வேன். முக்கால் டப்பா மிச்சமாகும். அதை வைத்துக்கொண்டு இன்னும் பல முட்டாள்தனங்கள் செய்யலாம். செய்யவும் செய்தேன். ஆனால் அவை எதுவும் துப்பாக்கி பிடித்தவர்கள் முன்னால் நடக்கவில்லை.

நடந்தது பிஜியில், எண்பத்தேழாம் வருடக் கடைசியில். ராணுவம் அந்த ஒரே வருடத்தில் இரண்டாவது முறையாக ஆட்சியைப் பிடித்திருந்தது. இந்திய வம்சாவளிக்காரர்களுக்கு அது நல்ல காலமில்லை. நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒப்பந்த வேலைக்கு வந்த பொறியாளன். நாந்தி விமான நிலையத்தில் ஓடுபாதை விளக்குகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. "இருட்டில் இவ்வளவு பெரிய விமானத்துக்கே வழி காட்டுகிறவன்" என்று பெருமை அடித்துக்கொள்வேன். "பகல்ல மூக்குக்கு முன்னாடி இருக்கறது கண்ணுக்குத் தெரியாது" என்பாள் என் மனைவி. அவள் அங்கேயே பிறந்தவள். சபேட்டோ பள்ளத்தாக்கில் கரும்பு பயிரிடும் குடும்பம். பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். வீட்டில் பறவைகளாக வரைந்து தள்ளுவாள்.

எங்களுக்கு ஆஸ்திரேலியா போக அனுமதி வந்துவிட்டது. புதன்கிழமை விமானம். என் மாமனார் மட்டும் வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

"நான் அங்க வந்து இன்னா செய்யறது? இங்க கரும்பு வெட்டாம நிக்குது," என்றார். அதற்கு மேல் அவரிடம் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. மாமியார் காலமாகி வெகு காலம் ஆகியிருந்தது. நாங்களும் போய்விட்டால் அந்த வீட்டில் அவரும் இரண்டு மாடுகளும்தான்.

எங்களுக்கு இருந்த ஒரே தைரியம் பக்கத்து பிஜியர் கிராமம். மாமனார் பயிர் செய்யும் நிலம் அவர்களுடையது, குத்தகைக்கு எடுத்திருந்தார். முதல் தடவை ராணுவம் ஆட்சியைப் பிடித்த வாரம், டவுனிலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்கள் கத்திக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். கிராமத் தலைவர் தனியாக வந்து சந்தியில் நின்றார். கையில் கரும்பு வெட்டும் கத்தி கூட இல்லை. பல் குத்திக்கொண்டு நின்றார். லாரி திரும்பிப் போய்விட்டது. நாங்கள் போன பிறகும் அவர் அப்படி வந்து நிற்பாரா? நாங்கள் படுத்தால் இதுதான், எழுந்தால் இதுதான். வாய் திறந்து யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. மாமனாரிடம் அந்தப் பேச்சை எடுத்தால், "நான் இன்னா சின்னக் குழந்தையா?" என்று எழுந்து போய்விடுவார்.

அந்தத் தலைவர்தான் என் மனைவியிடம் ஓவியம் கேட்டவர். கிராமத்தில் புதிதாகக் கூடம் கட்டியிருந்தார்கள். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர், எரிகிற கரும்புத் தோட்டத்துக்கு மேலே வட்டம் போட்டுக்கொண்டிருந்த பருந்தை மோவாயால் காட்டினார். கரும்பு வெட்டுவதற்கு முன் தோட்டத்துக்குத் தீ வைப்பார்கள். வெளியே ஓடி வரும் எலிகளுக்காகப் பருந்து வந்து காத்திருக்கும்.

"அதை உன்னால வரைய முடியுமா?" என்று ஹிந்தியில் கேட்டார். அந்தப் பக்கத்தில் எல்லாரும் எல்லாரோடும் பேசுவது பிஜி ஹிந்திதான். "கூடத்துல மாட்டணும். கீழே ஒரு பலகையில ஏதாவது எழுதிக் குடு. திறப்பு விழாவில படிக்கச் சொல்லலாம்."

மோவாயால் காட்டினாரே தவிரப் பறவையின் பெயரை அவர் சொல்லவில்லை. இதை நான் கவனித்திருக்க வேண்டும். நான் அப்போது அவர் பல்குச்சியைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

மனைவி வரைந்துவிட்டாள். என் வாழ்க்கையில் நான் கிண்டல் செய்யாமல் பார்த்த ஒரே படம் அது. கீழே புகையும் சிவப்பும். மேலே பழுப்புச் சிறகை விரித்து, ஒரு கண்ணை நம் மேல் வைத்துக்கொண்டு பருந்து. ஆனால் தலைப்பு அவளுக்கு அகப்படவில்லை. ஒரு வாரம் யோசித்தாள். "நான் சொல்லட்டுமா?" என்று ஆரம்பித்தேன். "வேணாம்," என்றாள். 'எலிகளின் எமன்' என்றேன். தூரிகையைக் கழுவப் போய்விட்டாள்.

சட்டகம் நாந்தி டவுனில் ஒரு தச்சரிடம் தயாரானது. மனைவிக்கும் மாமனாருக்கும் கடைத்தெருவில் வேலை இருந்ததால் நான் மட்டும் தச்சரிடம் போனேன். பலகை வெறுமையாக இருந்தது. தங்கப் பெயிண்ட் பக்கத்திலேயே இருந்தது. இரண்டும் சேர்ந்து என்னைக் கெடுத்தன. விமான நிலையத்தில் என்னோடு வேலை பார்த்த ஒருவர், கிழக்கே தூரத்துத் தீவுக்காரர், அந்தப் பறவைக்கு பிஜிய மொழியில் என்ன பெயர் என்று எனக்குச் சொல்லியிருந்தார். அவர்கள் கூடம், அவர்கள் மொழி, எவ்வளவு மரியாதையான காரியம் என்று என்னையே தட்டிக்கொடுத்தபடி, பெரிய ஆங்கில எழுத்தில் அந்தப் பெயரை எழுதினேன். ஓடுபாதைப் பலகைகள் எழுதிப் பழகிய கை. ஒரு மைல் தூரத்திலிருந்து படிக்கலாம். வீட்டாருக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று, அவர்கள் வருவதற்குள் படுக்கை விரிப்பால் சுற்றிக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டேன்.

வண்டி என்றால் மாமனாரின் பழைய, பின்பக்கம் திறந்த வண்டி. முன்னால் மாமனார் ஓட்ட, பக்கத்தில் மனைவி. பின்னால் படமும் நானும். ஆஸ்பத்திரி வாசலில் தலைவரின் அண்ணன் மகள் நின்றிருந்தார். அங்கே நர்ஸ். அவரையும் பின்னால் ஏற்றிக்கொண்டோம். வழியெல்லாம் அவர் படத்தைத் திறந்து காட்டச் சொன்னார். நான் பந்தா பண்ணிக்கொண்டு, "கூடத்துல பாருங்க," என்றேன்.

சபேட்டோவுக்குத் திரும்பும் இடத்தில் ராணுவம் மறித்தது.

இரண்டு சிப்பாய்கள். ஒருவனை எனக்குத் தெரியாது. மற்றவன் தலைவரின் மகன். சின்ன வயதில் எங்கள் மாமியார் கையால் சப்பாத்தி தின்று வளர்ந்தவன். மாமனார் எப்போதும் போல, "பேட்டா, எப்படி இருக்கே?" என்றார். அவன் தலையை மட்டும் அசைத்தான். துப்பாக்கி பிடித்தவன் தலையசைப்பு வேறு மாதிரிதான் இருக்கிறது.

"இது என்ன?" என்றான் தெரியாதவன், மூட்டையைக் காட்டி.

"படம்," என்றேன்.

"திற."

நான் விரிப்பைக் கீழிருந்து தூக்கினேன். முதலில் பலகைதான் வெளியே வந்தது. அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுத்துக்கூட்டி, உரக்க, அந்தப் பெயரைப் படித்தான்.

நர்ஸின் கையிலிருந்த பை கீழே விழுந்தது. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். தலைவரின் மகன் இரண்டு எட்டில் வந்து, படித்தவன் தோளைப் பிடித்துத் தள்ளினான். அவர்களுக்குள் பிஜிய மொழியில் வேகமாகப் பேச்சு. தெரியாதவன் முகம் வெளுத்தது. பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பயந்தால் எனக்குச் சிரிப்பு வரும்; இது ஒரு வியாதி. பல்லைக் கடித்து அடக்கினேன். அது இன்னும் மோசமாகத் தெரிந்திருக்கும்.

"யார் எழுதினது?" என்று கேட்டான் தலைவரின் மகன்.

"நான்தான்."

"எங்களைக் கேலி பண்ணவா?"

"சத்தியமா இல்லை. ஏர்போர்ட்ல ஒருத்தரைக் கேட்டுத்தான் எழுதினேன்."

"அவன் எந்த ஊர்?"

தீவின் பெயரைச் சொன்னேன். அவன் கண்ணை மூடித் திறந்தான். துப்பாக்கியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். எஞ்சின் ஓடிய சத்தத்தில் முன்னால் இருந்தவர்களுக்கு எதுவும் கேட்டிருக்காது. மாமனார் இறங்கி வந்து, என்ன ஏது என்று தெரியாமலே, என் முன்னால் நின்றுகொண்டார். கடைசியில் அவன் சொன்னான்:

"துணியைப் போடு. வீட்டுக்குப் போ. இதைத் தூக்கிக்கிட்டு எங்க ஊருக்குள்ள வராதே."

அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னபோதும் சொல்லி முடித்த பிறகும் அவன் மாமனாரைப் பார்க்கவில்லை. நர்ஸ் பையை எடுத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் இறங்கி நடந்தார். கிராமம் வரை அவ்வளவு தூரமும் நடப்பார் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி விரிப்பை அவிழ்த்துப் பலகையைப் பார்த்தாள். எனக்குக் கொஞ்சம் முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உங்க பேரை என்னிக்காவது நான் வாயால சொல்லிருக்கனா?" என்று கேட்டாள்.

இல்லை. டாக்டர் வீட்டில் கணவர் பெயர் கேட்டால் உள்ளங்கையில் எழுதிக் காட்டுவாள். பேனா இல்லையென்றால் வைத்தியம் நின்றுபோகும்.

"அந்த மாதிரிதான் அவங்களுக்கு அது. அந்த ஊரு சனத்துக்கு அந்தப் பறவை குல தெய்வம் மாதிரி. பேரு சொல்லக்கூடாது. பொம்பளைங்க எதிர்ல, அதுவும் அண்ணன் தங்கச்சி ஒண்ணா நிக்கிற இடத்துல, சொல்லவே கூடாது. சின்னதுலேர்ந்து பாக்கறேன், அந்த ஊரு ஆளுங்க 'அது, அது'ன்னுதான் சொல்வாங்க. எனக்கே இப்பதான் ஒறைக்குது."

அண்ணன் தம்பி பிள்ளைகள் அவர்களுக்கும் நம்மைப் போல உடன்பிறப்புகள்தான். தலைவரின் மகனும் நர்ஸும் அண்ணன் தங்கை முறை. முறைப்படி நேருக்கு நேர் பேசிக்கொள்ளவே கூடாதவர்கள். அவர்கள் நடுவில்தான் என் தங்க எழுத்து போய் நின்றிருக்கிறது. தூரத்துத் தீவுக்காரருக்கு அது வெறும் பறவை. அவர் ஊரில் சொல்லக்கூடாத பெயர் வேறு ஏதோ. அந்த நாட்டில் ஊருக்கு ஊர் இது மாறும். இன்றைக்கும் அந்தச் சொல்லை நான் இங்கே எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். ஒரு தடவை எழுதியதே போதும்.

"இதைக் கூடத்துல மாட்டி, ஊரைக் கூட்டி வெச்சுப் படிக்கிறதா இருந்தாங்க," என்றாள் மனைவி. பிறகு அப்பாவைப் பார்த்து, "இப்ப இன்னா செய்யறது?" என்றாள். அந்தக் கேள்வியில் ஓவியம் இல்லை. புதன்கிழமைக்கு அப்புறம் வரும் நாட்கள்தான் இருந்தன.

"விடும்மா. மாப்ள தெரியாம செஞ்சுட்டாரு," என்றார் மாமனார். திட்டியிருக்கலாம். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். தண்ணீர் ஏற்கெனவே காட்டியிருந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்த நாட்களில் ஞாயிறன்று யாரும் வேலை செய்யக்கூடாது, கடை திறக்கக்கூடாது, வண்டி எடுக்கக்கூடாது என்று ராணுவம் உத்தரவு போட்டிருந்தது. உடனே நடந்தாவது போய்க் காலில் விழலாம் என்றால், ஞாயிறன்று அந்த ஊரில் ஜெபத்தைத் தவிர வேறு காரியம் கிடையாது. கிராமத்திலிருந்து சர்ச் பாட்டு காற்றில் வந்துகொண்டிருந்தது. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கிருந்து யாராவது ஒரு தட்டில் சேப்பங்கிழங்கு கொண்டுவருவார்கள். அன்று வரவில்லை. ஒவ்வொரு தடவை நாய் குரைத்தபோதும் மூன்று பேரும் வாசலைப் பார்த்தோம். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டோம்.

நான் சமையலறைக்குப் பின்னால் உட்கார்ந்து பலகையைக் கத்தியால் சுரண்டினேன்.

"சத்தம் கேக்குது. வேலை செய்றீங்கன்னு புடிச்சிகினு போவப் போறான்," என்றாள் மனைவி.

"இது வேலையில்லை, பிராயச்சித்தம்."

அவள் சிரிக்கவில்லை. என் ஹாஸ்யத்துக்கு அந்த வீட்டில் ஊரடங்கு.

பலகை மறுபடி வெறுமையானது. ஆனால் தங்கம் பதிந்த இடம் வெளிறித் தெரிந்தது; உற்றுப் பார்த்தால் பழைய எழுத்தைப் படித்துவிடலாம். ஏதாவது எழுதி மூடியே ஆக வேண்டும். 'ஹாக்' என்று ஆங்கிலத்தில் போடலாமா என்றேன். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாதா என்றாள். ஹிந்தியில் 'சீல்'? அது இன்னும் நன்றாகத் தெரியும் என்றாள். புத்தகத்தில் இருக்கும் லத்தீன் பெயர்? தலைவரின் தம்பி பள்ளிக்கூட வாத்தியார் என்றாள்.

"தமிழ்ல எழுதுங்க," என்றாள் கடைசியில். "அந்த ஊர்ல ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது. எங்களுக்கே தெரியாது."

உண்மைதான். அவளும் மாமனாரும் வட ஆர்க்காட்டுப் பேச்சைப் பேசுவார்கள், எழுத்து தெரியாது. அந்தப் பள்ளத்தாக்கிலேயே தமிழ் படிக்கத் தெரிந்தவன், எனக்குத் தெரிந்தவரை, நான் ஒருவன்தான். அந்த மாதிரி அதிகாரம் என்னைப் போன்ற ஆள் கையில் கிடைக்கவே கூடாது.

"பருந்துன்னு எழுதுங்க. அது மட்டும் எழுதுங்க. குறும்பு வேணாம்," என்றாள்.

தூரிகையைத் தொட்டுக்கொண்டேன். 'ப' போடத்தான் குனிந்தேன். தொழுவத்தில் மாமனார் மாடுகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், பதில் வரும் என்பது போல நடுவில் நிறுத்தி நிறுத்தி. என் கை 'மா' போட்டது. போட்ட பிறகு நிறுத்த முடியவில்லை. பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை எழுதி முடித்தேன்:

மாமாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "பருந்துக்கு இம்மாம் நீளமா?"

"தமிழ் அப்படித்தான். கொம்பு, கால், புள்ளி எல்லாம் சேர்ந்தால் நீண்டுவிடும்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலையில் போனோம். மன்னிப்புக் கேட்க அங்கே ஒரு முறை இருக்கிறது. இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேரைக் கட்டாகக் கட்டிக் கொண்டுபோய், தலைவர் முன்னால் தரையில் வைத்து, தலை குனிந்து உட்கார வேண்டும். அவர் வேரைத் தொட்டால் மன்னித்ததாக அர்த்தம். தொடாவிட்டால் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதற்குப் பிறகு அந்த ஊரில் நமக்கு யாரும் இல்லை. "வாயைத் தொறக்காதீங்க. நீங்க தொறந்தா நாம கெட்டோம்," என்று வழியில் மனைவி இரண்டு தடவை சொன்னாள்.

புதுக் கூடத்தில் பாயில் உட்கார்ந்தோம். எதிரே தலைவர். சுவரோரமாக ஆண்கள், அவர்கள் நடுவில் சீருடை இல்லாமல் அவர் மகன். வாசல் பக்கம் பெண்கள், நர்ஸும் இருந்தார். படம், பழைய எழுத்து மறைந்த தைரியத்தில், விரிப்போடு தூணில் சாய்ந்திருந்தது. மாமனார் வேரை வைத்துவிட்டு, அவர்கள் மொழியில் மெதுவாகப் பேசினார். எனக்காக இந்த மனிதர் தலை குனிகிறாரே என்று அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரும்புச் சோகை கிழித்த பழைய கோடுகள் நிறைய இருந்தன.

பேசி முடித்தார். தலைவர் வேரைத் தொடவில்லை.

வெளியே ஒரு கோழி கத்தியது. யாரோ இருமினார்கள். எனக்கு அந்த வியாதிச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. உள்ளங்கையில் நகத்தை அழுத்தினேன். தலைவர் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். பிறகு அவன் லேசாகத் தலையசைத்தான்.

தலைவர் கையை நீட்டி வேரைத் தொட்டார். எல்லோரும் கையைக் குவித்துத் தட்டினார்கள். மனைவி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

யங்கோனா கரைத்தார்கள். சேற்றுத் தண்ணீர் நிறம், கொஞ்சம் சேற்றின் ருசியும் உண்டு. எனக்கு மட்டும் பெரிய சிரட்டை. ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். குடித்தேன். உடனே இன்னொன்று. "படம் வரைஞ்சவங்களுக்கு ஒண்ணு, பேர் வச்சவருக்கு நாலு," என்றார் ஒருவர் சுவரோரத்திலிருந்து. பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. நர்ஸும் சிரித்தார். நாலாவதில் என் நாக்கு மரத்துவிட்டது. அது மரத்துப்போனதில் என் குடும்பத்துக்கு நிம்மதி.

பிறகு படத்தைத் திறந்தார்கள். சிரிப்பெல்லாம் நின்றது. வயதான பெண்மணி ஒருவர் முட்டிபோட்டுக்கொண்டே அருகில் வந்து, பருந்தின் சிறகைத் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டார். தலைவர் வெகுநேரம் பறவையைப் பார்த்தார். அப்புறம் பார்வை கீழே இறங்கிப் பலகைக்கு வந்தது.

"இது என்ன எழுத்து?"

"மதராஸ் எழுத்து," என்றார் மாமனார்.

"அதோட பேரா?"

மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இல்லையென்று சொன்னால் என்ன எழுதியிருக்கிறாய் என்பார். ஆமாம் என்று சொன்னால் அதே குற்றத்தை இன்னொரு எழுத்தில் செய்தவன் ஆவேன். இந்த ஓட்டையை நானோ மனைவியோ யோசிக்கவே இல்லை.

"பேர் இல்லை," என்றேன், மரத்த நாக்கால்.

மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"அப்படின்னா படி," என்றார் தலைவர்.

அந்த ஊரில் வேறு யாராலும் படிக்க முடியாது. என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். 'நட்பு' என்று சொல்லியிருக்கலாம், 'வானம்' என்று சொல்லியிருக்கலாம், கைதட்டியிருப்பார்கள். வாழ்க்கை முழுக்க ஏதாவது சொல்லித் தப்பித்தவன் நான். அன்று ஒன்றும் வாயில் வரவில்லை. எழுதியிருந்ததைத் தமிழில் படித்தேன். மாமனார் பாயின் கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தவர், நிறுத்திவிட்டார். மனைவி முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பிறகு அதையே ஹிந்தியில் சொன்னேன்: "நாங்க புதன்கிழமை போயிடுவோம். இவரைப் பார்த்துக்கோங்கன்னு எழுதியிருக்கு."

தலைவர் சட்டைப் பையிலிருந்து பல்குச்சியை எடுத்தார். மாமனாரை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் என்னை, ஒரு குறையுள்ள சாமானைப் பார்ப்பது போல.

"அதை எழுதித்தான் சொல்லணுமா?" என்றார்.